எரிந்தால் ஆறுகிறது என்று பொருளா? வாய்க் காயங்களும் ஆன்டிசெப்டிக் மருந்துகளும்

பல் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு ஆலோசனைக்குக் குறைவே இருக்காது. அத்தை கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து நீட்டுவார். மைத்துனர் மருந்துக்கடையிலிருந்து மவுத்வாஷ் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து வைப்பார். மாடி வீட்டுக்காரர், "உப்புத் தண்ணீரை மிஞ்சிய மருந்து உண்டா?" என்பார். கைப்பேசியைத் திறந்தால், மவுத்வாஷ்களில் இருக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற ஆன்டிசெப்டிக் புண்ணை ஆறவே விடாது என்று ஒருவரும், அது இல்லாமல் புண் ஆறாது என்று இன்னொருவரும் மல்லுக்கு நின்றுகொண்டிருப்பார்கள்.

நானும் இந்தக் குழப்பத்தில் அடிபட்டவன்தான். கீழ்த்தாடை ஞானப்பல்லைப் பிடுங்கிய அன்று மாலையே, எதற்கும் சுத்தமாக இருக்கட்டும் என்று மவுத்வாஷை வாய் நிறைய ஊற்றிப் பலமாகக் கொப்பளித்தேன். மூன்றாம் நாள் வலி காதுவரை ஏறியது. மருத்துவர் கொடுத்திருந்த சீட்டில் 'இன்று கொப்பளிக்க வேண்டாம்' என்று அச்சிட்டிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

'மவுத்வாஷ் புண்ணுக்கு நல்லதா, கெட்டதா?' என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் பதில் கிடைக்கும். எந்த மருந்து, எத்தனையாவது நாள், எவ்வளவு வீரியம், எத்தனை நாளைக்கு என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். அதற்கு முதலில், வாயில் ஒரு காயம் எப்படி ஆறுகிறது என்று தெரிய வேண்டும்.

உடைந்த ஏரிக்கரை

மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைத்துக்கொண்டால் ஊரார் என்ன செய்வார்கள்? முதலில் மணல் மூட்டைகளை அடுக்கி உடைப்பை அடைப்பார்கள். அடுத்து அடித்து வந்த மரம், செத்தை, சகதி எல்லாவற்றையும் அகற்றுவார்கள். பிறகு மண் கொட்டி உயர்த்துவார்கள். கடைசியில் திமிசு போட்டு இறுக்கி, புல் பிடிக்கும்வரை காத்திருப்பார்கள். இந்த வரிசை மாறினால் கரை நிற்காது.

காயமும் இதே வரிசையில்தான் ஆறுகிறது. பல் பிடுங்கிய சில நிமிடங்களில் பற்குழிக்குள் இரத்தம் உறைகிறது. இரத்தத் தட்டணுக்களும், ஃபைப்ரின் என்ற நூல் போன்ற புரதமும் சேர்ந்து பின்னிய வலை அது. இதுதான் மணல் மூட்டை. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடி நிற்பதோடு, பின்னால் வரும் வேலையாட்கள் ஏறி நடக்கும் சாரமாகவும் இது உதவுகிறது.

அடுத்து வெள்ளையணுக்கள் வருகின்றன. கிருமிகளையும் செத்த திசுக்களையும் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன. முதல் இரண்டு மூன்று நாட்கள் கன்னம் வீங்குவதற்குக் காரணம் இந்தச் சுறுசுறுப்புதான். மூன்றாவதாக வருபவை ஃபைப்ரோபிளாஸ்ட்கள். கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்து புதுத் திசுவைக் கட்டும் உயிரணுக்களுக்கு அந்தப் பெயர். கூடவே புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ஓரங்களிலிருந்து மேல்தோல் நகர்ந்து வந்து புண்ணை மூடுகிறது. திமிசு போடும் கட்டம் நீளமானது. ஈறு சில வாரங்களில் மூடிக்கொண்டாலும், பற்குழிக்குள் எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஆறிவரும் வாய்ப் புண்ணின் மேல் வெளிர் மஞ்சளாக ஒரு படலம் படியும். அதைச் சீழ் என்று நினைத்துக் குச்சியாலும் பஞ்சாலும் சுரண்டி எடுப்பவர்கள் பலர். பெரும்பாலும் அது ஃபைப்ரின் படலம். சுரண்டினால் கரையை நாமே வெட்டிவிடுகிறோம்.

தோலைவிட வாய்க்குள் காயம் விரைவாக ஆறும்; தழும்பும் குறைவு. எழுநூறுக்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் காணப்படும் இடத்தில் இப்படி நடப்பது வியப்புதான். உமிழ்நீருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரந்து, புண்ணை ஈரமாக வைத்துக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அதிலுள்ள ஹிஸ்டாடின் போன்ற சிறு புரதங்கள் மேல்தோல் உயிரணுக்களை நகரத் தூண்டுகின்றன. அதற்காகக் கையில் பட்ட வெட்டுக்காயத்தில் எச்சிலைத் தடவிவிடாதீர்கள். புரதத்தோடு கிருமிகளும் சேர்ந்து போகும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உடல் ஒரு வரிசையில் பழுது பார்க்கிறது, முதல் படி உறைந்த இரத்தம், அது நிலைத்தால்தான் மற்றவை நடக்கும். எந்த மவுத்வாஷும் ஜெல்லும் இந்த வேலைகளில் ஒன்றைக்கூடத் தானாகச் செய்வதில்லை.

ஒட்டிக்கொள்ளும் மருந்து

ஆன்டிசெப்டிக் என்பது உயிருள்ள திசுவின் மேல் பயன்படுத்தி, அங்குள்ள கிருமிகளைக் கொல்லவோ பெருகாமல் தடுக்கவோ செய்யும் பொருள். தரை துடைக்கும் கிருமிநாசினி வேறு. அதற்குத் திசுவைப் பற்றிக் கவலை இல்லை. ஆன்டிபயாடிக்கும் வேறு, அது பாக்டீரியாவிடம் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு உறுப்பைக் குறிவைக்கிறது. ஆன்டிசெப்டிக்கிற்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. பயிரையும் களையையும் பிரித்தறியாத களைக்கொல்லி மாதிரி, வீரியம் கூடினால் நம் உயிரணுக்களையும் பதம் பார்க்கும்.

வாய்க்குள் பயன்படும் ஆன்டிசெப்டிக்குகளில் அதிகம் ஆராயப்பட்டது குளோர்ஹெக்சிடின். பிரிட்டனின் ஐ.சி.ஐ. என்ற ரசாயன நிறுவனத்தில், மலேரியா மருந்துக்கான தேடலில் ஆராயப்பட்ட பைகுவனைட் என்ற வேதிப்பொருள் குடும்பத்திலிருந்து வந்தது இது. 1950-களில் தோலுக்கான ஆன்டிசெப்டிக்காகச் சந்தைக்கு வந்தது. பல் மருத்துவத்தில் அதன் இடத்தை உறுதிசெய்தது டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ, ஷியட் என்ற ஆய்வாளர்கள் நடத்தி 1970-ல் வெளியிட்ட ஆய்வு. பல் துலக்குவதை நிறுத்திய மாணவர்கள், 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லியை நாளுக்கு இருமுறை கொப்பளித்தார்கள். பற்களில் படலமும் படியவில்லை, ஈறும் வீங்கவில்லை.

குளோர்ஹெக்சிடின் மூலக்கூறு நேர் மின்னேற்றம் கொண்டது. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர் மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஈர்த்து ஒட்டிக்கொள்கின்றன. வீரியம் குறைவாக இருந்தால் பாக்டீரியாவின் சவ்வு கசிந்து அது பெருக முடியாமல் முடங்கும். வீரியம் அதிகமானால் சவ்வே கிழிந்து செத்துப்போகும்.

மற்ற ஆன்டிசெப்டிக்குகளும் கொல்லும். ஆனால் துப்பியதும் அவற்றின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். குளோர்ஹெக்சிடின் பல்லிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டு, எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக வெளிவருகிறது. மஞ்சள் கலந்த குழம்புக் கறை வெள்ளை வேட்டியில் பிடிப்பதைப் போல. தண்ணீரில் அலசினால் போகாது. நாளுக்கு இருமுறை போதும் என்பதற்குக் காரணம் இதுதான். ஒட்டும் குணத்தின் இன்னொரு முகம் பழுப்புக் கறை. தேநீர், காபியின் நிறத்தை இழுத்துப் பிடித்துப் பற்களில் படிய வைக்கும். நாக்கில் சுவையும் சில நாட்கள் மாறிப்போகும்.

இன்னொன்றும் இதிலிருந்தே புரியும். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் எதிர் மின்னேற்றம் கொண்டது. பல் துலக்கிய கையோடு குளோர்ஹெக்சிடினை ஊற்றினால் பாக்டீரியாவுக்குப் பதில் நுரையைப் போய்ப் பிடிக்கக்கூடும். துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளிக்கச் சொல்வது அதனால்தான்.

சதவீத எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லி எடுத்தால் 20 மில்லிகிராம் மருந்து. 0.12 சதவீதத்தில் 15 மில்லி எடுத்தால் 18 மில்லிகிராம். கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

எரிச்சலுக்கு வேறு கதை

'எரிகிறதா? அப்படியானால் வேலை செய்கிறது' என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். பல மவுத்வாஷ்களில் எரிச்சலைத் தருவது அதில் கலந்துள்ள ஆல்கஹால். சூட்டையும் மிளகாயின் காரத்தையும் உணரும் நரம்பு உணர்வி ஒன்று நம் வாயில் இருக்கிறது. ஆல்கஹால் அந்த உணர்வியைச் சட்டென்று கிளர்ந்தெழ வைக்கிறது. மிளகாய் கடித்தால் கிருமி சாகிறது என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் அதே நரம்பு, அதே சேதி. திறந்த புண்ணுள்ள வாய்க்கு ஆல்கஹால் இல்லாத மருந்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஹைட்ரஜன் பெராக்சைடின் நுரையும் இதே வகை மாயம்தான். நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் நுரை வருகிறது. கிருமியே இல்லாத காயத்திலும் பொங்கும்.

போர்க்களத்தில் கிடைத்த பாடம்

ஆன்டிசெப்டிக் காயத்துக்குத் தீங்கு செய்யலாம் என்பது இன்றைய இணையச் சண்டையில் பிறந்த எண்ணமல்ல. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1865-ல் கிளாஸ்கோவில் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கத் தொடங்கியதிலிருந்து, ஊற்ற ஊற்ற நல்லது என்ற நம்பிக்கை பரவியது. முதல் உலகப் போரில் பிரான்சின் பூலோன் நகர மருத்துவமனையில் பிரிட்டிஷ் மருத்துவர் ஆல்ம்ராத் ரைட்டும் அவருடன் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங்கும் அதைச் சோதித்தார்கள். பென்சிலினைக் கண்டறிந்த அதே ஃபிளெமிங். அப்போது அதற்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, முட்கள் போலப் பல சந்துகளை இழுத்து, குண்டு துளைத்த காயத்துக்கு மாதிரி செய்தார் அவர். கிருமி கலந்த திரவத்தை ஊற்றி, பிறகு ஆன்டிசெப்டிக்கால் நிரப்பிக் காலி செய்தார். புதிய சத்து நீரை ஊற்றியதும் சந்துகளில் ஒளிந்திருந்த கிருமிகள் மறுபடி பெருகின. ஒளிய இடமில்லாத வெள்ளையணுக்களையோ மருந்து முதலிலேயே கொன்றது. சகதி அள்ள வந்தவர்களைத் துரத்திவிட்டுச் சகதியை அப்படியே விட்ட கதை.

இதே கேள்வி குளோர்ஹெக்சிடினுக்கும் எழுந்தது. ஆய்வகத் தட்டில் வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மேல் ஊற்றிப் பார்த்தால், மவுத்வாஷில் இருப்பதைவிட மிகக் குறைந்த வீரியத்திலேயே அவை பெருகுவதை நிறுத்துகின்றன, கொலாஜன் நெய்வதைக் குறைக்கின்றன, செத்தும் போகின்றன. 'குளோர்ஹெக்சிடின் புண்ணை ஆறவிடாது' என்பவர்கள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் இதுதான். ஆதாரம் பொய்யில்லை. ஆனால் தட்டு வேறு, வாய் வேறு.

தட்டில் உமிழ்நீர் கிடையாது, இரத்த ஓட்டம் கிடையாது, பழுதான உயிரணுவுக்குப் பதில் புதிதாக வர ஆளும் கிடையாது. மருந்து நேரடியாக உயிரணுவின் தலையில் இறங்குகிறது. வாயிலோ அரை நிமிடம், ஒரு நிமிடம் சுழற்றித் துப்பிவிடுகிறோம். உமிழ்நீரிலும் இரத்தத்திலும் உள்ள புரதங்கள் மருந்தில் ஒரு பகுதியைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. அதனால்தான் தட்டில் இவ்வளவு கொடுமையாகத் தெரியும் மருந்தை, ஈறு அறுவைக்குப் பிறகு பல்லாண்டுகளாகக் கொடுத்தும் பெரும்பாலான காயங்கள் ஒழுங்காக ஆறி வருகின்றன. அதே சமயம் எலும்பு தெரியும் திறந்த புண்ணில், அதிக வீரியத்தில், வாரக்கணக்கில் ஊற்றுவது வேறு விஷயம். விலங்குகளில் செய்த சோதனைகளில் வீரியம் கூடக் கூட ஆறுவது தாமதமானது.

சுருங்கச் சொன்னால்: வீரியமும் நேரமும் கூடினால் எந்த ஆன்டிசெப்டிக்கும் ஆற்றும் உயிரணுக்களையும் தாக்கும், குறைந்த அளவில், சில நாட்களுக்கு என்றால் வாய் அதைத் தாங்கிக்கொள்ளும்.

முதல் நாளும் மறுநாளும்

என் மூன்றாம் நாள் வலிக்கு வருவோம். பற்குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்தோ கரைந்தோ போய் எலும்பு வெறுமையாகத் தெரியும் நிலைக்கு உலர்குழி என்று பெயர். பல் மருத்துவர்கள் 'டிரை சாக்கெட்' என்பார்கள். வழக்கமான பல் பிடுங்கலில் நூற்றில் ஒருவர் முதல் ஐவர்வரைக்கும், கீழ் ஞானப்பல் என்றால் இன்னும் பலருக்கும் இது வரும். புகைபிடிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பிடுங்கி இரண்டு முதல் நான்கு நாட்களில் வலி தொடங்கும்.

இங்கேதான் வேடிக்கை. பல் பிடுங்குவதற்கு முன்பும் பின்பும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பதும், அதன் ஜெல்லைப் பற்குழியில் வைப்பதும் உலர்குழி வரும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கலாம் என்று, பல சோதனைகளைத் தொகுத்து எடைபோட்ட, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை சொல்கிறது. அப்படியென்றால் எனக்கு ஏன் வந்தது? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் என் சந்தேகம் மருந்தின் மேல் இல்லை. முதல் நாள் ஆபத்து கொப்பளிக்கும் விசையில் இருக்கிறது. உறைந்த இரத்தம் அப்போது இன்னும் ஈர மணல் மூட்டைதான். பலமாகச் சுழற்றினாலும், காறித் துப்பினாலும், உறிஞ்சு குழலில் இளநீர் குடித்தாலும் பெயர்ந்துவிடும். முதல் 24 மணி நேரம் எதையும், வெறும் தண்ணீரைக்கூட, கொப்பளிக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

மறுநாளிலிருந்து ஆபத்து வேறு பக்கம் திரும்புகிறது. புண் பக்கம் பிரஷ் கொண்டுபோக முடியாது, உணவுத் துகள் சேரும், பாக்டீரியா பெருகும். அவை இரத்தக் கட்டியைக் கரைக்கும் செயலைத் தூண்டக்கூடும். இப்போது ஆன்டிசெப்டிக் பயன்படுகிறது. பிரஷ் போக முடியாத ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு அது பிரஷின் இடத்தை நிரப்புகிறது. ஈறு அறுவை, தையல் போட்ட இடம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வாயில் ஊற்றித் தலையை மெல்லச் சாய்த்துச் சாய்த்து நனைத்துவிட்டு, துப்பாமல் வழியவிட வேண்டும்.

ஜெல் என்றால்

ஜெல் இருந்த இடத்திலேயே நிற்கும். தேவையான புண்ணில் மட்டும் மருந்து. நாக்கின் சுவையும் மற்றப் பற்களின் நிறமும் பெரும்பாலும் தப்பிக்கும். சுழற்றும் விசையும் இல்லை என்பதால், மருத்துவர் பல் பிடுங்கிய கையோடு குழிக்குள் வைத்துவிட முடிகிறது. நாமாகக் குழிக்குள் விரலை விட்டு வைப்பது கூடாது.

மருந்துக்கடையில் 'வாய்ப்புண் ஜெல்' என்று கேட்டால் கிடைப்பவை எல்லாம் ஆன்டிசெப்டிக் இல்லை. லிக்னோகெய்ன், பென்சோகெய்ன் இருந்தால் அது மரத்துப்போக வைக்கும் ஜெல். கோலின் சாலிசிலேட் இருந்தால் வலி குறைக்கும் ஜெல். குளோர்ஹெக்சிடினும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் கலந்தவை நம் ஊரில் பரவலாக விற்கின்றன. அவைதான் கிருமிகளைக் குறிவைப்பவை. குழந்தைகளுக்கு என்றால் கேட்காமல் தடவ வேண்டாம். பென்சோகெய்ன் மிக அரிதாக இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். கோலின் சாலிசிலேட் ஜெல்லைப் 16 வயதுக்குக் கீழே தர வேண்டாம் என்று பிரிட்டன் 2009-லேயே சொல்லிவிட்டது.

ஒவ்வாமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் உலர்குழியைக் குளோர்ஹெக்சிடினால் கழுவியபோது கடும் ஒவ்வாமை ஏற்பட்டு இருவர் இறந்திருக்கிறார்கள். மிக மிக அரிது. முன்பு எப்போதாவது மவுத்வாஷாலோ மருத்துவமனைத் தோல் மருந்தாலோ தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உப்புத் தண்ணீரின் மானம்

மாடி வீட்டுக்காரர் சொன்னதில் உண்மை அதிகம். உப்புத் தண்ணீர் கிருமிகளைப் பெரிதாகக் கொல்வதில்லை. துகள்களைக் கழுவி வெளியேற்றுகிறது. அதற்கேற்ற வீரியத்தில் இருந்தால் நம் உயிரணுக்களுக்குத் தொல்லையும் தருவதில்லை. இரத்தத்தின் உப்புக்கு இணையான 0.9 சதவீதத்திலிருந்து அதன் இருமடங்குவரை உள்ள உப்பு நீர், ஈறு ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நகர்ந்து இடைவெளியை மூட உதவியதாக ஆய்வகச் சோதனையே இருக்கிறது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் தூள் உப்பு ஏறத்தாழ அந்த அளவு. கை நிறைய அள்ளிப் போட்டால் எரியும். பல் பிடுங்கியவர்களிடம் நைஜீரியாவில் நடந்த ஆய்வில், நாளுக்கு இருமுறை கொப்பளித்ததும் ஆறுமுறை கொப்பளித்ததும் ஒரே அளவு பலன் தந்தன. வழக்கமான பிடுங்கலுக்கு இதுவே பெரும்பாலும் போதும் என்பது என் கட்சி.

அத்தையின் கிராம்புத் தைலம்? அதிலுள்ள யூஜெனால் நரம்பை மரத்துப்போக வைக்கும். உலர்குழிக்கு மருத்துவர் வைக்கும் மருந்துகளிலும் அது உண்டு. கலப்பில்லாமல் பச்சைப் புண்ணில் வைத்தால் திசுவை வேக வைத்துவிடும். மருத்துவர் கையில் மருந்து, அத்தை கையில் வேண்டாம்.

கிருமியே காரணம் இல்லாதபோது

உதட்டின் உள்ளே, நாக்கின் ஓரத்தில் அடிக்கடி வரும் வெள்ளை நடு, சிவப்பு விளிம்பு வாய்ப்புண் கிருமித் தொற்றால் வருவதில்லை. மவுத்வாஷ் அதன் மூலத்தைத் தொடாது. மேலே வேறு கிருமி சேராமல் ஓரளவு காக்கும், அவ்வளவே. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சையால் வாய் வெந்து புண்ணாவதும் அப்படித்தான். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கு அந்தப் புண்ணைத் தடுக்கக் குளோர்ஹெக்சிடின் தர வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது.

புண் ஆறிய பிறகும் பழக்கமாகக் கொப்பளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: நாக்கின் மேல் வாழும் சில பாக்டீரியாக்கள் கீரை, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து உடல் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பொருளைத் தயாரிக்கிறது. ஆரோக்கியமானவர்கள் ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் கொப்பளித்தபோது இரத்த அழுத்தம் சற்றே உயர்ந்தது லண்டன் ஆய்வொன்றில் தெரிந்தது. மருத்துவர் 'ஒரு வாரம்' என்று எழுதியிருந்தால் எட்டாம் நாள் பாட்டிலை மூடி வைத்துவிடலாம்.

மவுத்வாஷின் மிகப் பெரிய தீங்கு வேதியியலில் இல்லை. அது வாங்கித் தரும் காலதாமதத்தில் இருக்கிறது. வெற்றிலை பாக்கு, புகையிலை, பான் மசாலா போடும் பழக்கமுள்ள ஒருவர், கன்னத்தின் உள்ளே ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் மவுத்வாஷும் ஜெல்லும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். இடையிடையே எரிச்சல் குறையும். குணமாகிறது என்று நினைத்துக்கொள்வார். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத எந்த வாய்ப் புண்ணையும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடமோ வாய் அறுவை நிபுணரிடமோ காட்டி, அவர் சொன்னால் திசுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். போகும்போது இதுவரை பயன்படுத்திய பாட்டிலையும் ஜெல்லையும் கையோடு எடுத்துப் போங்கள். எதை, எத்தனை நாள் போட்டீர்கள் என்று அவர் கேட்பார்.